கூப்பிட்ட நேரம்

"ஒரே ஒரு தடவ கூப்பிடு செல்வி. கூப்பிட்டா அது என்ன கடிச்சா வச்சிரும்?"

கணவர் ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி மறுகையை அவித்த கடலைக்காக நீட்டினார். பாண்டிச்செல்வி இரண்டு கடலையை உரித்து அந்தக் கையில் வைத்தாள்.

"காருகிட்ட எனக்கு என்னங்க பேச்சு? நீங்க ரோட்டப் பாருங்க."

மேலூரில் ஒரு கிரகப்பிரவேசத்துக்குப் போய்விட்டு, நாகமலை புதுக்கோட்டையிலுள்ள வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அப்பாவுக்கு மகன் விக்ரம் பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்த புதுக் கார். ஓட்டுகிறவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், பக்கத்தில் இருப்பவர் காரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, 'காப்பாத்து' என்றால் போதும். அதுவே வண்டியை ஓட்டி ஓரமாக நிறுத்திவிடும். ஆம்புலன்சுக்கும் தகவல் சொல்லிவிடும்.

காருக்கு என்ன பெயர் வேண்டுமானாலும் நாமே வைத்துக்கொள்ளலாம். வைத்தவர் அவர்தான். வைத்துவிட்டு அன்றைக்கு முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார். விக்ரம் கூப்பிட்டுப் பார்த்தான், பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிட்டுப் பார்த்தார். பாண்டிச்செல்வி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மெஷினோடு பேச இவளுக்கு வெட்கம் என்று அவர் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தார்.

ஒத்தக்கடை இன்னும் வரவில்லை. உரித்த அடுத்த கடலையை அவள் நீட்டியபோது, அதை வாங்கக் கை வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். தலை கதவுப் பக்கம் சாய்ந்திருந்தது. ஸ்டியரிங்கில் கை இல்லை. கால் மட்டும் அழுத்தியபடி இருக்க, அலாரம் அடிக்க அடிக்கக் கார் கிர்ரென்று வேகமெடுத்தது. முன்னால் கிரானைட் கல் ஏற்றிய லாரி ஒன்று நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏங்க... ஏங்க..." என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். ஸ்டியரிங்கை எட்டிப் பிடித்தாள். வண்டி தள்ளாடியதே தவிர வேகம் குறையவில்லை. லாரியின் பின்பக்கக் கல் கண்ணாடி முழுக்கப் பெரிதாக வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு காரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். காப்பாத்து என்றாள்.

ஸ்டியரிங் அவள் பிடியை உதறிக்கொண்டு தானாகத் திரும்பியது. வேகம் தணிந்து, விளக்குகள் விட்டுவிட்டு எரிய, கார் இடப்பக்கம் ஒதுங்கி ஒரு பஞ்சர் கடை வாசலில் நின்றது. அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆஸ்பத்திரியில் அவரைத் தொட்டுப் பார்த்ததுமே, உயிர் இல்லை என்று டாக்டர் தலையை ஆட்டிவிட்டார்.

அந்த நிமிடம் பாண்டிச்செல்வி அழவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் கூப்பிட்டப்ப அவருக்கு உசுரு இருந்துச்சா சார்?"

கொஞ்சம் முன்னால் கூப்பிட்டிருந்தாலும் எதுவும் செய்திருக்க முடியாது, பெரிய அட்டாக் என்று டாக்டர் ஆறுதல் சொன்னார். அவள் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டாள். ஆம்புலன்ஸ்காரரிடம் கேட்டாள். பஞ்சர் கடைக்காரர் துக்கத்துக்கு வந்தபோது அவரிடமும் கேட்டாள். நாத்தனார் முருகம்மாள் வந்தவர்களிடமெல்லாம், கூப்பிடப் பிந்திட்டோமேன்னு அவள அது அரிக்குது என்று மூக்கைச் சிந்தினாள்.

காரியம் முடிந்து விக்ரம் காரை சர்வீசுக்கு எடுத்துப் போனபோது, நானும் வாரேன் என்று அவளாக வந்து ஏறிக்கொண்டாள். அங்கே இன்ஜினியர் ஹரிஷ்குமார் காரோடு ஒரு கம்ப்யூட்டரை இணைத்து அன்றைக்கு நடந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அவருக்கு முடியாமப் போனது முதல்லயா, நான் கூப்பிட்டது முதல்லயா?"

"அம்மா, இன்னும் எத்தன பேர்ட்டத்தான் கேப்ப?" விக்ரம் அவள் கையைப் பிடித்தான். "நீ லேட்டாக் கூப்பிடல. விட்ரும்மா."

"லேட்டுன்னு யாருடா சொன்னா? நீ சும்மா இரு. தம்பி, நீங்க சொல்லுங்க."

ஹரிஷ்குமார் திரையை இன்னொரு முறை பார்த்தார். "முதல்ல கை விட்ருக்கு. பெறகு கண்ணு மூடி, தலை சாஞ்சிருச்சு. கார் அலாரம் அடிச்சிருக்கு, அவர் அசையவே இல்ல. அதுக்கும் கடைசியிலதான் உங்க குரல் வருது."

"அவரு போன பெறகுதான்னு வச்சுக்கிரலாமா?"

"அப்படித்தாம்மா தெரியுது."

பாண்டிச்செல்வி பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, ஒரு டீ கிடைக்குமா என்று கேட்டாள். அவர் போன பிறகு தனக்கென்று அவள் வாய்விட்டுச் சாப்பிடக் குடிக்க எதையும் கேட்டது அதுதான் முதல் தடவை. விக்ரமுக்கு ஒன்றும் புரியவில்லை.

குரலுக்கு வண்டி சரியாகக் கேட்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு தடவை கூப்பிடுங்கள் என்று ஹரிஷ்குமார் அவளிடம் சொன்னார். அவள் எழுந்து காரைவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

"அவன் கூப்பிடுவான்."

விக்ரம் ஜன்னல் வழியாகக் குனிந்தான்.

"அழகுமலை."

"சொல்லுங்க" என்றது கார்.

ஹரிஷ்குமார் நிமிர்ந்தார். "வண்டி ஓனர் பேரும் அழகுமலைன்னு போட்டிருக்கே சார்?"

"எங்க அப்பாதான்" என்ற விக்ரம் சட்டென்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். அந்தப் பெயரை அவள் வாயால் அவன் ஒருநாளும் கேட்டதில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவனுக்கு ஆயுசு குறையும் என்று நம்புகிற ஊரில் பிறந்தவள் அவள். இத்தனை நாளும் அவளை அரித்தது பிந்திக் கூப்பிட்டுவிட்டோமோ என்பதல்ல, முந்திக் கூப்பிட்டுவிட்டோமோ என்பதுதான்.

"பேர மாத்திரச் சொல்லவாம்மா?"

"வேணாம்டா. அது பாட்டுக்கு இருக்கட்டும்."

காருக்கு இன்றைக்கும் அதே பெயர்தான்.