பளபளத்த டேங்கும் பிரேக் கேபிளும்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, வீட்டு முற்றத்திலேயே புதுப்பித்திருந்தார் இளம்பரிதி. பூஜை முடிந்தது. சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழங்கள். மகள் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

“உறைக்குள் எனக்கு ஒரே ஓர் இழைதான் மிச்சம். தெருமுனையில் பெரிய இறக்கம் இருக்கிறதே!” என்று பதறியது பிரேக் கேபிள்.

“நல்ல நாளும் அதுவுமாய் வாயைக் கழுவு!” என்று அதட்டியது புதுப் பெயின்ட் அடித்த டேங்க். “இன்று மட்டும் பல்லைக் கடித்துக்கொள். இங்கேயே அறுந்தால் குப்பைக்குத்தான் போவாய்.”

இளம்பரிதி பிரேக்கை ஒருமுறை அழுத்திப் பார்த்தார்.

கேபிள் அந்த இழையைத் தானே விட்டது. ‘டப்!’

“சனியனே, கிளம்புற நேரத்துலயா?”

கழற்றிக் குப்பைத்தொட்டியில் வீசினார்.

கேபிள் அங்கிருந்து எட்டிப் பார்த்தது. மகள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, தன் கால்களால் நடந்து வீட்டுக்குள் போய்க்கொண்டிருந்தாள்.