ஆறு பேர் ஏறினால் கிளம்பும் படகு

"படகுல மட்டும் கை வைக்காதீங்க சார்."

கூட்டங்களில் வாயே திறக்காதவள் பேசியதும் மேசையைச் சுற்றி இருந்த எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். விளையாடுபவர்கள் அனுப்பும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. அதனால் அலுவலகத்தில் அவளுக்குத் 'தபால்' என்றே பெயர் விழுந்துவிட்டது.

"அந்தப் படகுதான் ஆளை விரட்டுதுன்னு சொல்றாங்களேம்மா, தபால்," என்றார் முதலாளி.

'ஏழாம் கரை' பதினான்கு வருடமாக ஓடும் இணைய விளையாட்டு. வீரன், வைத்தியன், வியாபாரி என்று ஆளுக்கொரு வேடம் பூண்டு, கரை கரையாகக் கடந்து போக வேண்டும். கடக்க ஒரே வழி படகு. அதில் ஆறு பேர் ஏறினால்தான் துடுப்பு அசையும். ஒரு காலத்தில் அந்தப் படகில் இடம் பிடிக்க அடிதடியே நடந்தது. இப்போது வந்திருக்கும் புது விளையாட்டுகளில் விரலால் தொட்டால் போதும், ஆள் பறந்துபோய் அக்கரையில் இறங்கிவிடுகிறான். அங்கே போனவர்கள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

நாமும் படகைத் தூக்கிவிட்டு இறக்கை கொடுத்துவிடலாம் என்பது புரோகிராமர் அக்காவின் யோசனை.

"இறக்கை குடுத்தா, இருக்கிற நாலு பேரும் அதுலயே பறந்து போயிடுவாங்க," என்றார் ஓவியர்.

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. சுவரில் இருந்த பெரிய திரையில், அந்த நேரம் விளையாட்டுக்குள் இருப்பவர்களின் எண்ணிக்கை தெரிந்தது. 54.

முதலாளி கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றாகப் பத்து நிமிடம். சரியாகப் பதினொரு மணிக்கு விளையாட்டுக்குள் ஐம்பது பேர் இருந்தால் இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம், ஒருவர் குறைந்தாலும் இந்த மாதத்தோடு மூடிவிடலாம் என்று சொன்னார். பிறகு, மேசையில் கவிழ்த்து வைத்திருந்த போனைத் தடவிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"தினம் காலையில அஞ்சு பேர் படகுத்துறைக்கு வந்துடறாங்க. ஒருநாள் தவறினதில்ல. அந்த அஞ்சு பேருக்காகத்தான் இத்தனை நாள் இழுத்துப் பிடிச்சேன்."

அவள் சட்டென்று குனிந்துகொண்டாள். தினசரி அறிக்கையில் பார்த்திருப்பார் போலிருக்கிறது.

அந்த ஐந்து பேரும் அவள்தான்.

இரண்டு வருடத்துக்கு முன் 'நாரை' என்ற பெயரில் விளையாடும் ஒருவரிடமிருந்து புகார் வந்தது. 'ஒரு மணி நேரமா துறையில தனியா நிக்கிறேன். யாராவது வருவாங்களா, வரமாட்டாங்களா?' காத்திருந்ததற்கு நன்றி என்று அச்சடித்த பதிலை அனுப்ப அவளுக்குக் கை வரவில்லை. அன்றைக்கே குடைராணி, தூங்குமூஞ்சி, ஒற்றைச்செருப்பு என்று ஐந்து ஆட்களை உருவாக்கித் துறையில் கொண்டுபோய் நிறுத்தினாள். படகு கிளம்பியது. நாரை ஒரே ஒரு வார்த்தை எழுதினார். 'வந்துட்டீங்களா.'

அதிலிருந்து தினமும் அதே வேலை. இப்போதுகூட வெளிக்கூடத்தில், அவள் மேசைக் கணினியில், அந்த ஐந்து பேரும் துறையில்தான் நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களைக் கழித்தால் நாற்பத்தொன்பது. உண்மையைச் சொன்னால் விளையாட்டு போய்விடும். சொல்லாமல் நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

மணி பதினொன்றாக இரண்டு நிமிடம் இருந்தபோது வெளிக்கூடத்தில் விளக்குகள் பொட்டென்று அணைந்தன. காலையிலிருந்து கருகிய சுவிட்சை மாற்றிக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன் கதவு வழியே தலையை நீட்டினார். "வெளிய மட்டும் லைனை நிறுத்தியிருக்கேன். அஞ்சே நிமிஷம்."

கூட்ட அறைக்குத் தனி லைன், தனி இணையம். இங்கே எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வெளியே இருந்த கணினிகள் மட்டும் ஒருசேரச் செத்திருந்தன.

போச்சு. ஐம்பத்துநான்கு நாற்பத்தொன்பதாகப் போகிறது. அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

மெல்லக் கண்ணைத் திறந்தாள்.

திரையில் இருந்த எண் 1.

"சர்வர் விழுந்துடுச்சா?" என்றார் முதலாளி.

புரோகிராமர் அக்கா மடிக்கணினியைத் தட்டிப் பார்த்தாள். சர்வர் வேறு ஊரில் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா நிமிரவே இல்லை. காதுமடல் சிவந்திருந்தது.

"அதுல பதினெட்டு பேர் நான்," என்றார் ஓவியர், தரையைப் பார்த்து. "படகு நிக்கக் கூடாதுன்னுதான்."

இசையமைப்பவர் விரல்விட்டு எண்ணிவிட்டு ஒன்பது என்றார். புரோகிராமர் அக்காவோ எண்ணிக்கையே மறந்துவிட்டது என்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. சந்தையில் தன்னோடு வாரக்கணக்கில் பேரம் பேசிய கஞ்சக் கொல்லன் இந்த ஓவியர்தானா? காட்டில் வழிதவறி அழுதவரும் இவர்களில் ஒருவரா? தபால் மனசுக்குள் ஒவ்வொரு வேடமாகப் பொருத்திப் பார்த்தாள்.

"எனக்கு அஞ்சு சார்," என்றாள். "படகுத்துறையில நிக்கிற அஞ்சும் நான்தான். ஆனா அந்த நாரை நிஜம். நாங்க எல்லாரும் பொய்னாலும் அவர் ஒருத்தர் நிஜம். இப்பவும் உள்ள இருக்கார், பாருங்க. அவருக்காகவாவது மூடாதீங்க."

முதலாளி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"அந்த அஞ்சு பேரும் நீதானாம்மா?" என்றவர், மேசையில் கவிழ்ந்திருந்த போனை மெதுவாகத் திருப்பி வைத்தார்.

அதில், 'இன்னும் ஐந்து பேர் தேவை' என்ற பலகைக்குக் கீழே நாரை தனியாக நின்றுகொண்டிருந்தது.