முகம் கொடுத்து

"இன்னும் கோணுது மேடம். இன்னொரு தடவை சொல்றேன்."

கண்ணாடியை இன்னும் அருகே இழுத்துக்கொண்டாள் மைக் அக்கா. எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று பேருந்து நிலையத்தில் அறிவிக்கிறவள் என்பதால் உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர் அது. மருத்துவமனையிலும் அதுவே ஒட்டிக்கொண்டுவிட்டது.

காதுக்குப் பின்னால் ஒரு வலியோடுதான் ஆரம்பித்தது. மறுநாள் இடது கன்னம் மரத்துப்போன மாதிரி இருந்தது. வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக வழிந்தது, கண் மூட மறுத்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து காற்று வாங்கியதன் பலன் என்றாள் நாத்தனார். எல்லாம் சொத்தைப் பல்லின் வேலை என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பக்கவாதமோ என்று பதறி ஓடியவளைத் தீரச் சோதித்துவிட்டு, மூளையில் கோளாறு இல்லை, சர்க்கரை இல்லை, காதில் சீழும் இல்லை என்றார் மருத்துவர். ஏதோ கிருமியால் முக நரம்பு வீங்கியிருக்கலாம், இதற்கு முகவாதம் என்று பெயர், பெரும்பாலும் சரியாகிவிடும் என்று மருந்து கொடுத்து, பயிற்சிக்காக பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பிவைத்தார்.

கண் மூட ஆரம்பித்துவிட்டது. குரலும் பழையபடி கணீரென்றிருந்தது. ஆனால் மைக் அக்கா விடுவதாக இல்லை. ப, ம, வ என்று கண்ணாடி முன்னால் ஓயாமல் உதட்டோடு மல்லுக்கட்டினாள்.

"ரொம்ப இழுக்காதீங்க, தசை தப்பாப் பழகிடும்" என்று அதட்டினாள் பிசியோதெரபிஸ்ட். "வேலைக்கு வேற கூப்பிடறாங்க. மூடின ரூம்ல மைக் முன்னால பேசறவங்க உதட்டை யார் பாக்கப் போறாங்க?"

"பாக்கறதுக்கு ஒருத்தர் இருக்காரே மேடம்."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கணவனைத்தான் சொல்கிறாள். அந்த ஆளைக் கண்டாலே பிசியோதெரபிஸ்ட்டுக்குப் பற்றிக்கொண்டு வரும். தவறாமல் கூட வருவார், அதில் குறையில்லை. ஆனால் மனைவி வந்து ஏதாவது சொன்னால், அவள் வாயை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். ஒருநாள் வீட்டுப் பயிற்சி பற்றிச் சொல்ல பிசியோதெரபிஸ்ட்டே பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டாள். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். என்ன திமிர் என்று மாஸ்க்குக்குள்ளேயே பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"உங்க முகம் அவருக்குப் பிடிக்கலையா?" இன்று கேட்டேவிட்டாள்.

"பிடிக்காம என்ன? புரியல. நான் ஒண்ணு சொன்னா அவர் வேற ஒண்ணா எடுத்துக்கறார். ஒரே சோபாவுல உக்காந்துக்கிட்டு போன்ல மெசேஜ் அனுப்பிக்கறோம். அந்த மாதிரி குடித்தனம் எனக்கு வேண்டாம். நான் பேசணும், அவர் பதில் சொல்லணும். அதுவரைக்கும் இந்தக் கண்ணாடிய விடமாட்டேன்."

பிசியோதெரபிஸ்ட்டுக்கு மனசு கேட்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவனுக்காக இந்தப் பாடா என்றிருந்தது.

நிலையத்திலிருந்து கடைசி எச்சரிக்கை வந்தது. உடனே வராவிட்டால் வேறு ஆள் போட்டுவிடுவார்களாம். போட்டுக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டு மறுபடி 'ம' சொன்னாள் மைக் அக்கா. விரலால் கன்னத்தை மெல்லத் தாங்கிச் சொன்னாள், விரலை எடுத்துவிட்டுச் சொன்னாள். இப்படியே வாரங்கள் போயின. ஒரு காலை, உதடுகள் இரண்டும் ஓரத்திலிருந்து ஓரம்வரை ஒழுங்காக மூடித் திறந்தன. கண்ணாடியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

கணவர் எழுந்து நின்றார். பின்னாலேயே வந்த பிசியோதெரபிஸ்ட்டால் அடக்க முடியவில்லை.

"நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன் சார். பொண்டாட்டிக்கு உடம்புக்கு ஒண்ணுன்னா மூஞ்சியத் திருப்பிக்கறதா? இனிமேலாவது அவங்களுக்கு முகம் கொடுத்துப் பேசுங்க."

அவர் அந்த மாஸ்க்கையே விழித்துப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் திரும்பினார்.

மைக் அக்கா அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள். மேடம் சொன்ன அத்தனையையும் நிதானமாக அவரிடம் சொன்னாள். உதடுகள் மட்டும்தான் அசைந்தன, குரல் எழவே இல்லை.

ஒரு சொல் விடாமல் அந்த உதடுகளைப் பார்த்து முடித்தவரின் கண்கள் நிறைந்துவிட்டன. பிசியோதெரபிஸ்ட்டைப் பார்த்துக் கொஞ்சம் உரக்க, ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் சொன்னார்:

"முகம் கொடுக்காம எனக்குப் பேசவே தெரியாது மேடம். நாலு வயசுல ரெண்டு காதும் போனவன் நான்."