இறந்த திகதி

சர்வதேச நீதிமன்றத்தின் உடன்படிக்கையைத் திருத்தியபோது காணாமலாக்கப்பட்டவர்களுக்கான பிரிவை நீக்கிவிட்டார்கள். இனி, மரணம் நிகழ்ந்து நான்கு மாதத்துக்குள் வரும் மனுக்களை மட்டுமே அந்த நீதிமன்றம் ஏற்கும்.

“மகன் செத்திட்டார் எண்டு சொல்லுங்கோ அம்மா. அப்பத்தான் வழக்கு நிக்கும்,” என்றார் வழக்கறிஞர்.

மகன் துசியந்தனைச் சீருடைக்காரர்கள் ஏற்றிப்போன நாளிலிருந்து வாயில் வராத சொல்லை நாகேஸ்வரி நீதிமன்றத்தில் சொன்னாள். நீதிபதிகள் எழுதிக்கொண்டார்கள். மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் குனிந்தார்.

“எண்டைக்குச் செத்தவர் எண்டு கேக்கினம்.”

“நாலு மாதத்துக்குள்ள வரவேணும், ஆவணிக்குப் பிறகு ஏதாவது ஒரு நாள்,” வழக்கறிஞர் முணுமுணுத்தார். “உங்களுக்குப் பிடிச்ச நாளாச் சொல்லுங்கோவன்.”

ஆவணியிலிருந்து இன்றுவரை, அவனுக்கென்று சோறு எடுத்துவைக்காத ஒரு நாளை நாகேஸ்வரி மனதுக்குள் தேடத் தொடங்கினாள். நீதிபதிகள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.