பெட்டியில தேடு

"ஆறு மாசம் இருந்துட்டுப் போ."

"பதினஞ்சு நாள் சார்."

"சரி, மூணு மாசம்."

"பதினஞ்சு நாள் சார்."

"ரெண்டு மாசம். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

சீனு ராஜினாமாக் கடிதத்தை மேஜைமேல் அவர் பக்கமாக இன்னும் கொஞ்சம் தள்ளினான்.

திருவேங்கடத்துக்குக் காது சிவந்தது. நகரியில் லுங்கிக் கட்டைத் தோளில் போட்டு விற்று, அப்புறம் பழைய கம்ப்யூட்டர் வாங்கி விற்று, கடைசியில் திருப்பதியில் சொந்தமாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியே வைத்த ஆள். பேரம் படியவில்லை என்றால் அவருக்குச் சோறு இறங்காது.

"பெங்களூர்க்காரன் கூப்பிட்டானாம், இவரு கிளம்பிட்டாராம்! போடா போ. போறதுக்குள்ள உன் மண்டையில இருக்கிறதை தாட்சாயணி தலையில கொட்டிட்டுப் போ."

லாட்ஜுகளுக்கு ரூம் புக்கிங் சைட் நடத்துவதுதான் கம்பெனியின் பிழைப்பு. அதை எழுதியவர்களில் பாதிப் பேர் பெங்களூரில், மீதிப் பேர் அமெரிக்காவில். புரோகிராமில் எது எங்கே இருக்கிறது என்று தெரிந்தவன் சீனு ஒருத்தன்தான். அதற்காக அவனே ஒரு தேடல் பெட்டி செய்து வைத்திருந்தான். புரோகிராமர்கள் தங்கள் சந்தேகத்தைத் தங்கள் வார்த்தையிலேயே தட்டினால் போதும், எந்த இடம், என்ன செய்யணும் என்று காட்டும்.

காட்டணும். பாதி நேரம் 'கிடைக்கவில்லை' என்றுதான் வரும்.

மறுநாள் காலையிலேயே தாட்சாயணி வந்தாள். வேலைக்குப் புதுசு.

"சீனு அண்ணா, ஆளுங்க நேரத்துக்கு முன்னாடியே காலி பண்ணிட்டா ரூம் எப்படி மறுபடி காலின்னு காட்டும்?"

"பெட்டியில தேடு."

"தேடிட்டுத்தான் வர்றேன். கிடைக்கலன்னு வருது."

"வேற மாதிரி கேட்டுப் பாரு."

கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் இருந்து திருவேங்கடம் பாய்ந்து வந்தார்.

"ஏன்டா, வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?"

"சொன்னா அப்புறம் யாரும் தேட மாட்டாங்க சார்."

"தேடி என்னத்தைக் கிழிச்சாங்க? இல்ல இல்லன்னு சொல்றதுக்கு ஒரு பெட்டி! வாசல்ல ஒரு வாட்ச்மேனை உட்கார வெச்சா அவனே சொல்லிட்டுப் போறான்."

சீனு சிரித்தான். அதுதான் அவருக்கு இன்னும் எரிந்தது.

யார் என்ன கேட்டாலும் அதே பதில். பெட்டியில தேடு. பெங்களூர் ஆர்டர் கையில் வந்ததும் ஏறிய திமிர் என்று ஆபீஸே முணுமுணுத்தது.

திட்டினால் சிரிக்கிறவனை என்ன செய்வது? திருவேங்கடம் தன் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அதே பெட்டியில் தட்டினார். 'திமிர் பிடிச்ச சீனு.' கிடைக்கவில்லை. 'நன்றி கெட்ட கழுதை.' கிடைக்கவில்லை. கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்புறம் தினமும் காபிக்கு அப்புறம் அதே வேலையாகப் போயிற்று.

கடைசி நாள் சீனு சொல்லிக்கொள்ள வந்தபோது, அவர் பேசாத போனைக் காதில் வைத்துக்கொண்டு கையை மட்டும் ஆட்டினார்.

அடுத்த வாரம் புரட்டாசி சனிக்கிழமை. காலையிலேயே லாட்ஜ் ஓனர் கங்கையா போனில் கத்தினார்.

"ஏமய்யா திருவேங்கடம்! என் லாட்ஜுல ஒரு மாடி முழுக்கக் காலியா கெடக்குது. உன் சைட்டு ஃபுல்லுன்னு காட்டிகினு இருக்குது. சனம் குழந்தை குட்டியோட பஸ் ஸ்டாண்டுல படுத்துகினு இருக்கு, நான் இங்க ஈ ஓட்டிகினு இருக்கறேன். மத்தியானத்துக்குள்ள சரியாவல, லாட்ஜுக்காரங்க மொத்த பேரும் வேற ஆளைப் பார்த்துக்குவோம். ஆமா!"

சீனுவின் பழைய நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

"பார்த்தியா? நடு ஆத்துல விட்டுட்டுப் போயிட்டான், படுபாவி!" திருவேங்கடம் மேஜையைக் குத்தினார். "என்னம்மா பார்த்துகினு நிக்கிற? எதையாவது பண்ணும்மா!"

தாட்சாயணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். வேறு வழி தெரியாமல் பெட்டியில் தட்டினாள். ஆளுங்க நேரத்துக்கு முன்னாடியே காலி பண்ணிட்டா...

பதில் வந்தது.

"நம்ம ஊர்ல ரூம் வாடகை நாள் கணக்கு இல்ல, இருபத்துநாலு மணி நேரக் கணக்கு. தரிசனம் சீக்கிரம் முடிஞ்சு விடியக்காலம் காலி பண்ணிட்டாலும், புரோகிராம் அந்த ரூமை முழு நேரமும் பூட்டியே வைக்கும். கீழே இருக்கிற வரியை மாத்து. பயப்படாதே, எதுவும் உடையாது."

மாற்றினாள். எதுவும் உடையவில்லை. கொஞ்ச நேரத்தில் கங்கையாவே போன் பண்ணி, "ஃபுல்லு! நிஜமாவே ஃபுல்லு!" என்றார்.

தாட்சாயணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முன்பு கேட்டதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது.

"சார், அண்ணா இருக்கிறப்ப இதெல்லாம் கிடைக்கலன்னுதான் வந்துது. நாங்க எந்த வார்த்தையில கேட்டோமோ, அதே வார்த்தைக்குப் பதில் எழுதி வெச்சிட்டுப் போயிருக்காரு."

"நீங்க என்ன தட்டினீங்கன்னு அவனுக்கு எப்படிம்மா தெரியும்?"

"பதிலுக்குக் கீழயே போட்டிருக்கு சார். கிடைக்காத தேடல் எல்லாம் அவருக்கு மெயில்ல போயிடுமாம். ஆபீஸ்ல யாரு, எந்த மிஷின்ல தட்டினாலும்."

திருவேங்கடம் தன் ரூம் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

"எல்லாமா?"

"எல்லாம் சார்."

மெதுவாக எழுந்து தன் ரூமுக்குப் போனார். கதவைச் சாத்தினார். ஒற்றை விரலால் தட்டினார். 'திமிர் பிடிச்ச சீனு.'

இந்தத் தடவை கிடைத்தது.

"பெங்களூர்ல இருக்கான் சார். புது நம்பர் கீழே இருக்கு. சைட் மக்கர் பண்ணா எந்த நேரமானாலும் கூப்பிடுங்க. திட்டறதுன்னாலும் அதுலயே திட்டுங்க. பெட்டியில வேணாம் சார், பொண்ணுங்களும் தேடற இடம்."