மூன்றே முக்காலுக்கு எழுந்து போகிறவன்

“இவன் பொய்யா ஆடறான்,” என்றாள் தேவயானி, செல்போன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “சீட்டு நல்லா இருந்தா கடைசி நொடி வரைக்கும் இழுப்பான். இப்ப பட்டுனு பந்தயத்த ஏத்திட்டான் பாரு.”

கோபிகிருஷ்ணன் ஆட்டக் கணக்கு போட்டு வைத்திருந்த லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான். அலிபிரி ரோட்டில் அவனுடைய மொபைல் கடை மதியத்தில் ஈ ஓட்டுகிற நேரம் அது. “அண்ணி, இந்த மாதிரி எடத்துல ஏத்துனான்னா பத்துக்கு எட்டு தடவ நெஜமாவே சீட்டு கீது. நம்பர் பொய் சொல்லாது. சீட்ட போட்டுட்டு வெளிய வா.”

அவள் போடவில்லை. எதிராளி கேட்ட தொகைக்குச் சரி என்று அழுத்தினாள். சீட்டுகள் விரிந்தன, அந்த ஆளின் கையில் உருப்படியாக ஒன்றும் இல்லை. ஜெயித்தவள் சிரிக்கக்கூட இல்லை, நோட்டை எடுத்து எழுத ஆரம்பித்துவிட்டாள்.

லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறவள், காலை வேலை முடிந்ததும் மைத்துனன் கடைக்கு வந்து ஆன்லைன் போக்கரில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பணம்கூடக் கிடையாது, சும்மா தருகிற பொய்க் காசுதான். அதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு, அதுவும் ஒரே ஆளைப் பற்றி!

‘தோத்தா பேசுவான். ஜெயிச்சா பேச மாட்டான். மூணே முக்காலுக்கு எழுந்து போறான், நாலரைக்கு வரான். ஞாயித்துக்கெழம போறதில்ல. மே மாசம் போகவே இல்ல. ஜூன்லேர்ந்து மறுபடி போறான்.’

“இதெல்லாம் எதுக்கு அண்ணி? டீ குடிக்கப் போறானா இருக்கும். ஆள் யாரா இருந்தா இன்னா, ஆட்டந்தான முக்கியம்?”

“எனக்கு ஆட்டம் வாணாம் கோபி. ஆளு யாருன்னுதான் தெரியணும்.”

கோபி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான். அவளுடைய புருஷன், அதாவது அவனுடைய அண்ணன் புருஷோத்தமன், பெங்களூரில் வேலை என்று பலமனேர் பஸ் ஏறிப்போய் ஏழு வருஷம் முடிந்துவிட்டது. ஆளும் இல்லை, சேதியும் இல்லை.

கல்யாணமான புதிதில் தீக்குச்சியைப் பந்தயம் வைத்து அவளோடு சீட்டாடுவான். அவன் சீட்டில் எப்படிப் பொய் சொல்லுவான் என்பது அவளுக்கு அத்துப்படி. மற்றதில் எப்படிச் சொல்லுவான் என்பதுதான் தெரியாமல் போயிற்று. ஏப்ரலில் ஒருநாள் கோபி ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சீட்டைக் கீழே போட்ட ஒருவன் ‘போய்ட்டு வா கண்ணு’ என்று எழுதினான். புருஷோத்தமன் சீட்டைப் போடும்போது சொல்வது அதேதான். அன்றைக்குப் பிடித்தாள் இந்த நோட்டை.

“அண்ணன் மாதிரி ஆடறவன் ஆயிரம் பேரு இருப்பான் அண்ணி,” என்றான் கோபி மெதுவாக.

“தெரியும். அதான் சாயங்காலம் வரைக்கும் டைம் கேட்டுகினு வந்தேன்.”

நாளைக்கு ஊரில் புருஷோத்தமனுக்குக் காரியம். ஏழு வருஷம் காத்திருந்தாயிற்று, இனிமேல் செய்துவிட வேண்டியதுதான் என்று சொந்தபந்தம் எல்லாம் கூடி முடிவு செய்துவிட்டது. நாளைக்கு அவள் தாலியைக் கழற்ற வேண்டும். மாமனார் முனியப்பன் மட்டும், “அவந்தான்னு ஒரு வார்த்த சொல்லும்மா, பந்தல பிரிச்சிடறேன்,” என்று சொல்லியிருந்தார்.

மூன்று நாற்பதுக்கு அந்த ஆள் எழுதினான். ‘பாப்பாக்கு ஸ்கூல் விட்டுடும். லேட்டானா வூட்ல திட்டும். வரேன்.’

தேவயானி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். ‘கலெக்டரம்மா ஆடறேன். பாத்து ஆடு.’

“இன்னா அண்ணி அது?”

“சீட்டாடறப்ப என்ன அப்டித்தான் கூப்புடுவாரு. வேற யாருக்கும் தெரியாது.”

பதில் வரவில்லை. அவனுடைய முறைக்கான நொடிகள் ஒவ்வொன்றாகக் கரைந்து தீர்ந்தன. நாற்காலி காலியானது. கோபி அந்தப் பெயரைத் தேடிப் பார்த்தான். இருந்த இடமே தெரியவில்லை.

“ஐடியையே அழிச்சிட்டான்!” கோபிக்குக் குரல் உடைந்தது. “அண்ணந்தான் அண்ணி! உயிரோட கீறான்! எந்த நம்பரும் சொல்லல, உன் நோட்டு சொல்லிடிச்சி! நைனாவுக்கு போன் போடு!”

அழுகை வரும் என்று அவளும்தான் காத்திருந்தாள். வரவில்லை. கோபமாவது வந்திருக்கலாம். ரொம்ப நேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்த கால் மாதிரி மனசு மரத்துக் கிடந்தது. நோட்டை மூடி, பேனாவை அவன் மேஜைமேலேயே வைத்தாள்.

அதற்குள் முனியப்பனே கூப்பிட்டுவிட்டார். “இன்னாம்மா ஆச்சி? பந்தல்காரன் நின்னுகினு கீறான். அவந்தானா?”

கோபி போனுக்கு எட்டினான். அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“அவரு இல்ல மாமா, நாளைக்கிக் காரியம் நடக்கட்டும்.”