எட்டுக் கடலை

ஜூன் 22, ஞாயிறு. ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். வெள்ளைக் கொண்டைக்கடலை கறுப்பைவிடப் பெரியது. குலுக்கிப் போட அது ஆகாது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கேம்பில் நடக்கும் மாலை வகுப்பில் கேட்டதைத்தான் செய்தேன். பழைய ஏதென்ஸ் நகரத்தில் பல பதவிகளுக்கு ஓட்டு கிடையாது. கறுப்பும் வெள்ளையுமாக மொச்சை போட்டு எடுப்பார்களாம். வெள்ளை எடுத்தவருக்குப் பதவி.

"ஆனா நம்மள மாதிரி பொழைக்க வந்தவங்களுக்கு அந்த மொச்சையில பங்கு கிடையாது" என்றார் வகுப்பெடுக்கும் எலிசா டீச்சர். பகலில் அவர் நர்ஸ்.

எங்கள் அறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அல் கூஸ் தொழிலாளர் கேம்பிலிருந்து கட்டட சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் மூன்று வாரமாக ஏசி ஓடவில்லை. யாராவது ஆபீஸில் போய்ச் சொல்ல வேண்டும். போன வருடம் தண்ணீருக்காகப் பேசியவருக்கு லீவு ரத்தானது. அதனால் எட்டுப் பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இன்று மதியம் பால்பவுடர் டின்னில் ஏழு கறுப்பும் ஒரு வெள்ளையும் போட்டேன். இரண்டு முறை எண்ணினேன். பார்க்காமல் ஒன்றை எடுத்துக் கையை மூடிக்கொள்ள வேண்டும். எல்லோரும் எடுத்த பிறகுதான் திறக்க வேண்டும். வெள்ளை வைத்திருப்பவர் ஆபீஸுக்குப் போவார்.

"வெள்ளை வந்தா கலெக்டராடா?" என்றார் சாதிக் பாட்ஷா அண்ணன்.

"ஆமாண்ணே. பஸ்ஸுக்கு."

கார்மேகம் அண்ணன் முதலில் வந்தார். கை உள்ளே போனது, வெளியே வந்தது. அவ்வளவுதான்.

அடுத்து ஜெபசீலன். அவன் விரல்கள் டின்னுக்குள் உருட்டிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்தில்தான் என் தவறு எனக்கு உறைத்தது. தொட்டாலே தெரிந்துவிடும்.

நிறுத்தியிருக்கலாம். டின்னை அடுத்தவரிடம் நீட்டினேன்.

சாதிக் பாட்ஷா அண்ணனும் துழாவினார். அடுத்த நான்கு பேரும் அப்படியே. பெரியதை ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தேன். ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள். எனக்கு அவர்களை நிமிர்ந்து பார்க்கக் கூச்சமாக இருந்தது.

கடைசி ஆள் நான். மிச்சம் ஒன்று. அது வெள்ளையாகத்தான் இருக்கும். நானே போய்ப் பேசிவிடுவது என்று முடிவு செய்து கையை விட்டேன்.

சிறியது.

எல்லோரும் கையைத் திறந்தோம். வெள்ளை கார்மேகம் அண்ணனிடம் இருந்தது.

"மேலயே கெடந்துச்சு தம்பி" என்றார், ஏதோ மன்னிப்புக் கேட்பதுபோல.

"அதான பாத்தேன்" என்றார் சாதிக் பாட்ஷா அண்ணன். "டின்னையே அலசிட்டேன். பெருசு சிக்கவே இல்ல."

"நானும் அதத்தான் தேடுனேன் அண்ணாச்சி" என்றான் ஜெபசீலன்.

மற்ற நால்வரும் சிரித்தார்கள். ஒருவர் தன் கறுப்புக் கடலையை வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டுத் துப்பினார். பிறகு சோறு ஆறுகிறது என்று தட்டை எடுக்கப் போனார்கள்.

ஒதுக்குகிறார்கள் என்று நினைத்தது இரண்டாவது தவறு. அது சிறியதல்ல.

இப்படிப்பட்டவர்கள் இருக்கும் இந்த அறையில் எனக்கும் ஒரு கட்டில் இருக்கிறது.

நாளை: ஆபீஸில் இந்தியில்தான் பேச வேண்டும். கார்மேகம் அண்ணனுக்கு அது 'அச்சா'வோடு சரி. காலை பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று வாக்கியம் சொல்லிக்கொடுக்க வேண்டும். சாயங்காலம் ஆபீஸ்.